நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

மண்ணூர்
7-7-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செந்தாமரை எழுதுவது. இங்கே அம்மா, நான், இவர் மூன்று பேரும் சுகம். அந்த ஓமான் வெயிலில் பிள்ளை எப்படி இருக்கிறானோ என்று அம்மா தினமும் கேட்கிறாள். கடிதம் வந்தால்தானே எனக்குத் தெரியும் என்கிறேன்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். இவர் கம்பெனி ஆட்களுக்கு நான் சாப்பாடு கட்டிக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரகடத்தைத் தாண்டி ஒரு பெரிய கம்பெனிக்குக் கட்டடம் எழும்புகிறது. அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவர முடியுமா என்று கான்ட்ராக்டர் வீடு தேடி வந்து கேட்டார். சமைப்பது கஷ்டமில்லை. சந்திரம்மாளும் மீனம்மாளும் கூட இருக்கிறார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. தார் ரோடு பாதியோடு சரி. அப்புறம் ஏரிக்கரை, அப்புறம் கரம்பு, நடுவில் ஓர் ஓடை. மழை பெய்தால் அந்தக் களிமண்ணில் டெம்போ ஓர் அடி நகராது. மாட்டு வண்டியில் போனால் சோறு ஊசிப்போகும்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாக வாங்கு என்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று கல்குவாரியில் ஓடிய ஜீப். என்னைவிட ஒரு வயது மூத்தது. கதவு கிடையாது, பெயின்ட் எல்லாம் செதில் செதிலாக நிற்கிறது. இன்னொன்று மாருதி ஜிப்சி. ஐந்து வருடம்கூட ஓடவில்லை. வெள்ளை நிறம், பூந்தமல்லி புரோக்கரிடம் பளபளவென்று நிற்கிறது. இரண்டுக்கும் பேப்பர் சரியாக இருக்கிறது. மே மாதத்துக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில் எந்த வண்டியையும் நிறுத்திக் கேட்கிறார்கள் என்பதால் இவர் முதலில் அதைத்தான் பார்த்தார்.

விலையை நினைக்காமல் எது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள். பத்து வருடமாகப் பாலைவனத்தில் சர்வே கம்பெனி வண்டி ஓட்டுகிறவர் நீங்கள். உங்களைவிட எனக்கு யாரைத் தெரியும்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள்
செந்தாமரை


நிஸ்வா வழி, ஓமான்
26-7-1991

அன்புத் தங்கைக்கு,

கோபால் எழுதுவது. கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் மூட்டுவலி பற்றி நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். ஜிப்சியை வாங்கட்டும். பழைய வண்டிமேல் பாசம் வைக்கிறவர்கள் பாதி நாள் அதன் அடியில்தான் படுத்திருப்பார்கள். சேற்றில் நமக்கு எதிரி கனம். ஜிப்சி கனம் குறைந்த வண்டி. கிளட்ச் லேசு, ஸ்டீயரிங் லேசு. காலையில் சாவியைத் திருகினால் கிளம்பிவிடும். மத்தியானச் சோற்றுக்குக் காத்திருக்கும் ஆட்களிடம் வண்டி மக்கர் பண்ணியது என்று சொல்ல முடியுமா?

ஆனால் கண்ணால் பார்க்காமல் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் இரண்டையும் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துப் பிரயோசனமில்லை. ஏரி ஓரத்துச் சேற்றில் இறக்க வேண்டும். ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர் எதிரே நின்று, முன் சக்கரமும் மண்ணை வாரிப் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். நாலு சக்கரம் என்று எழுதியிருப்பதெல்லாம் நாலு சக்கரமும் இழுப்பதில்லை.

இன்னொன்று, மாப்பிள்ளை மறக்கவே கூடாது. மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டை விரலை உள்ளே விடக் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் தானாகச் சுழன்று விரலை உடைத்துவிடும். விரலை மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே வெயில் கடுமை. வண்டிகள் விடியும் முன்பே முகாமைவிட்டுப் போய்விடுகின்றன. என் அறையில் இருக்கும் ஜோயல் தம்பி உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்கிறான். அவனுக்கு ஒரகடம் பக்கம் என்பதால் அந்த ஏரிக்கரையை நன்றாகத் தெரியுமாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
கோபால்


மண்ணூர்
15-8-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

சுதந்திர தினம், இவருக்கு லீவு. அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. நீங்கள் போன தடவை கொண்டுவந்த தைலத்தைத்தான் இன்னும் தேய்க்கிறாள்.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். நம்ம ஸ்ரீபெரும்புதூர் மெக்கானிக் மாரியைக் கூட்டிக்கொண்டு, இரண்டு வண்டியையும் செம்பரம்பாக்கம் ஏரியின் இந்தப் பக்கக் கரைக்கு வரவழைத்தோம். தண்ணீர் உள்வாங்கிய இடத்தில் நல்ல சேறு. ஜிப்சியைத்தான் முதலில் இறக்கினோம். ஓட்ட எவ்வளவு சுகம் தெரியுமா அண்ணா! வெண்ணெய் மாதிரி கியர் விழுகிறது. கொஞ்ச தூரம் அன்னம் மாதிரிப் போயிற்று. அப்புறம் பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றி, உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கர லிவரைப் போட்டாகிவிட்டது. முன் சக்கரம் அசையவே இல்லை.

எதிரே நின்ற மாரி சேற்றோடு சேறாகப் படுத்து அடியில் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"அக்கா, முன்னாடி வீலுக்குப் போற ஷாஃப்ட்டே காணோம்கா! கழட்டிட்டு இருக்கானுங்க!"

புரோக்கர் கொஞ்சமும் அசரவில்லை. "பெட்ரோல் மிச்சமாவும்னு கழட்டி வெச்சதும்மா. குடோன்ல கீது. கேட்டா குடுக்கப் போறேன்" என்றார்.

"நாங்க கேக்கலன்னா?" என்றேன். அவர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

கிழட்டு ஜீப் அதே இடத்தில் இறங்கியது. உறுமிக்கொண்டு, ஆடிக்கொண்டு, நடக்கிற வேகத்தில்தான் போயிற்று. ஆனால் நிற்கவில்லை. முன் சக்கரம் இரண்டும் சேற்றை வாரி மாரியின் முகத்தில் அடித்தன. அவன் சந்தோஷமாகத் துடைத்துக்கொண்டான். கடைசியில் கயிறு கட்டி ஜிப்சியை வெளியே இழுத்ததும் இந்த ஜீப்தான்.

இருந்தாலும் மனம் ஜிப்சியைத்தான் சுற்றுகிறது. ஷாஃப்ட்டை மாட்டி வாங்கிவிடலாமா? ஜீப்பில் கிளட்ச் கல்லாக இருக்கிறது. சீட்டும் நகராது. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக் கட்டினால் கால் எட்டுமா, இல்லை சீட்டையே முன்னால் தள்ளி வெல்டிங் வைக்க வேண்டுமா? இதையும் எழுதுங்கள்.

அந்தக் கட்டை விரல் விஷயம் உண்மைதான். ஒரு தடவை மறந்து, கை இரண்டு நாள் வீங்கியிருந்தது.

வெயிலில் அலையாதீர்கள்.

செந்தாமரை


நிஸ்வா வழி, ஓமான்
4-9-1991

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். ஜிப்சி நல்ல ஜாதி வண்டி, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீ பார்த்த ஜிப்சி வேறு. ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு வாயைத் திறக்காதவன் இன்னும் எதை எதைக் கழற்றினானோ. வண்டியின் வயதைப் பார்த்து முடிவு சொன்னது என் தப்பு. வண்டியை வைத்திருந்தவனைப் பார்த்திருக்க வேண்டும். குவாரிக்காரன் அந்த ஜீப்பால் சோறு தின்றிருக்கிறான், அதனால் காப்பாற்றி வைத்திருக்கிறான். ஜீப்பை வாங்குங்கள்.

தலையணை வேண்டாம். மேட்டில் ஏறும்போது நழுவிவிடும். சீட்டை முன்னால் தள்ளி வெல்டிங் வைக்கச் சொல். ஆனால் ஒன்று புரியவில்லை. மாப்பிள்ளை இராமச்சந்திரன் வாசற்படியில் குனிந்து வருகிற ஆள். அவருக்கு ஏன் கால் எட்டவில்லை? அதோடு, அவருக்கு எப்போதும் பகல் ஷிஃப்ட் என்று நீ முன்பு எழுதியிருக்கிறாயே. மத்தியானம் வண்டியை யார் எடுப்பது? கூலிக்கு டிரைவர் வைப்பதானால் நல்லவனாகப் பார். கையை மறந்து வீங்க வைத்துக்கொள்கிறவனை வைக்காதே.

மழைக்காலம் வருகிறது. ஓடையில் இறங்கும் முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் ஃபேன் தண்ணீரை வாரி என்ஜின்மேல் அடிக்கும், நட்ட நடுவில் நின்றுபோகும். டிஸ்டிரிபியூட்டர் மூடிமேல் தண்ணீர் படாமல் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்ட வேண்டும். லோ கியரில் இரண்டாவதைப் போட்டு, நடுவில் கியர் மாற்றாமல், நிற்காமல், அவசரப்படாமல் போக வேண்டும். தண்ணீரைக் கண்டதும் வேகமெடுக்கிறவன்தான் மாட்டுவான்.

ஜோயல் அக்டோபர் கடைசியில் லீவில் வருகிறான். அம்மாவுக்குத் தைலம் கொடுத்தனுப்புகிறேன்.

கோபால்


மண்ணூர்
29-9-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜீப் வந்துவிட்டது. நீல பெயின்ட் அடித்திருக்கிறோம். சீட்டை மாரி வெல்டிங் வைத்துக் கொடுத்துவிட்டான், இப்போது கச்சிதமாக இருக்கிறது. அம்மா சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, முதல் நாள் முழுதும் வாசலிலேயே நின்றாள். வந்ததிலிருந்து ஒரு நாளும் சாப்பாடு நேரம் தவறவில்லை. கான்ட்ராக்டரே ஆச்சரியப்படுகிறார்.

ஓடையில் இப்போது கணுக்கால் தண்ணீர்தான். ஆனாலும் நீங்கள் எழுதியதை இப்போதே பழகியாகிறது. பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது முதலில் பெரிய வேலையாக இருந்தது. இப்போது வெங்காயம் உரிப்பதுபோல் ஆகிவிட்டது.

அண்ணா, உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிசு பெரிசாக இருக்கிறது? ஒரு பக்கத்துக்குப் பத்து வரிகூட இல்லை. அம்மா கண்ணாடி போடாமலே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம். அப்புறம் நீங்கள் ஓட்டுகிற அந்த லேண்ட் குரூசரைப் பற்றி இந்த வருடம் ஒரு வரிகூட எழுதவில்லையே. மணல் மேட்டின் உச்சியில் ஏறி நிற்கிற கதையெல்லாம் எழுதுவீர்களே. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினால்தான் கடிதம் முடிந்த மாதிரி.

டிரைவர் பற்றி நீங்கள் கேட்டது. நல்ல டிரைவர்தான். கவலை வேண்டாம்.

ஜோயல் தம்பியை எதிர்பார்க்கிறோம்.

செந்தாமரை


ஒரகடம்
10-11-1991

அன்புள்ள கோபால் அண்ணாவுக்கு,

உங்கள் தம்பி ஜோயலின் வணக்கம். ஆண்டவர் கிருபையால் ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டில் எல்லோரும் சுகம். நான் வந்ததிலிருந்து மழை விடவில்லை. நம் முகாமில் ஒரு வருடம் பெய்வதை இங்கே ஒரு காலையில் கொட்டிவிடுகிறது.

தைலம் கொடுக்க மண்ணூர் போனேன். அங்கே நான் பார்த்ததை நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. எழுதிவிடுகிறேன். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

நான் போனபோது வாசலில் ஜீப் நின்றது. செந்தாமரை அக்காவும் இரண்டு பெண்களும் சோற்று அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் ஓடை பெருகியதால், ஜீப் வேண்டாம் என்று சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு போன கான்ட்ராக்டர் டிராக்டர் அச்சுவரை புதைந்துபோச்சாம். கொட்டகையில் இருக்கிறவர்களுக்கு முந்தின நாள் சாப்பாடே போகவில்லை. குழந்தை குட்டியோடு இருக்கிறவர்கள் அண்ணா.

"டிரைவர் எங்கக்கா?" என்று கேட்டேன்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாங்க. "வரியா தம்பி? இல்ல பயமா கீதா?"

 பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்னால் சந்திரம்மாள் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குந்திக்கொண்டார்.

அண்ணா, நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை மணல் மேடு ஏறியிருக்கிறேன். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன், இது சாதாரண ஓட்டு இல்லை. ஏரிக்கரை முடிகிற இடத்தில் நிறுத்தி இறங்கினாங்க. நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினாங்க. பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்றித் தோளில் மாலைபோல் போட்டுக்கொண்டாங்க. அப்புறம் ஓடை ஓரமாகக் கொஞ்சநேரம் சும்மா நின்று தண்ணீரையே பார்த்தாங்க. டிராக்டர் புதைந்த தடத்தைத் தொடவே இல்லை. வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிப் போய், அங்கே இறக்கினாங்க.

தண்ணீர் என் காலடிக்கு வந்துவிட்டது. நான் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை. குழம்பு கொதி வருவதற்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாங்களே, அந்த முகம். நடுவில் ஒரு தடவை முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. "அக்கா, மிதி மிதி!" என்று கத்திவிட்டேன்.

"சும்மா கெட தம்பி. அதுவா புடிக்கும்."

பிடித்தது அண்ணா! ஆக்ஸிலேட்டரைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. சக்கரம் தானாக அடிமண்ணைத் தேடிப் பிடித்து ஏறியது. நீங்கள் மணலோடு சண்டை போட்டு ஜெயிப்பீர்கள். அக்கா சண்டை போடுவதே இல்லை. காத்திருக்காங்க.

மேட்டில் தட்டோடு நின்ற ஆட்கள் கைதட்டவுமில்லை, கத்தவுமில்லை. ஒரு கிழவர் மட்டும் வந்து பானெட்டைத் தடவிக் கொடுத்தார். அக்கா இறங்கி முதல் கரண்டிச் சோற்றைக் குழந்தைகளுக்குப் போட்டாங்க. இரண்டாவது கரண்டி தட்டுக்கு வெளியே சிந்தியது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கரண்டியைச் சந்திரம்மாளிடம் கொடுத்துவிட்டு, பெல்ட் மாட்டுகிற சாக்கில் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாங்க.

பூந்தமல்லியில் டிரைவிங் ஸ்கூல் போய் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியிருக்காங்க. இராமச்சந்திரன் மாமாதான் சேர்த்துவிட்டாராம். "அண்ணன் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்னால மீற முடியாது தம்பி. அதான் சொல்லல" என்றாங்க.

இனி என் தப்பு. திரும்பி வரும்போது, "எங்கண்ணன் இத விடப் பெரிய வண்டிய எப்படி ஓட்டும் தெரியுமா!" என்று பெருமையாகச் சொன்னாங்க. நான் யோசிக்காமல், "அண்ணன்தான் இப்ப ஸ்டோர்ல இருக்காரே" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எப்போலேர்ந்து?" என்று மட்டும் கேட்டாங்க. "பிப்ரவரியிலிருந்து" என்றேன். "கண்ணுல கோளாறா?" என்றாங்க. "ஆமாக்கா, சர்க்கரை" என்று சொல்லிவிட்டேன். 

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரம் வந்துவிடுவேன்.

ஜோயல்


மண்ணூர்
28-11-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோயல் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். எல்லோரும் சுகம். ஏரி நிரம்பிவிட்டது. கலங்கல் வழியாகத் தண்ணீர் போகிறதைப் பார்க்க ஊரே போய் வருகிறது.

கேழ்வரகு மாவு, வெந்தயப் பொடி, பாகற்காய் வற்றல் வைத்திருக்கிறேன். இனிப்பு எதுவும் வைக்கவில்லை. அம்மா அதிரசம் சுட்டாள், நான்தான் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள். டப்பா கொள்ளவில்லை என்றேன்.

ஜோயல் தம்பி உங்களுக்கு எழுதிவிட்டதாகச் சொல்லிற்று. எழுதி நாளாகிறது. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஓட்டக் கூடாது என்று நீங்கள் எழுதினால் நிறுத்திவிடுகிறேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

இவர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

செந்தாமரை


நிஸ்வா வழி, ஓமான்
7-12-1991

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை ஜோயல் கையால் எழுத வைக்கலாம் என்று பார்த்தேன். அவன் எழுத உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வரவில்லை. நானே எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

ஜோயல் எழுதியது போன மாதமே கிடைத்தது. பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன். அவன் வந்த பிறகு மறுபடி வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஓடையில் முன்பக்கம் வழுக்கிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். எங்கள் முகாமில் மலையாளி, பாகிஸ்தானி, பலூச்சி என்று டிரைவர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் உட்கார வைத்து ஜோயல் ஹிந்தியில் அதைச் சொன்னான். வழுக்கும்போது ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமல் காத்திருந்தாள் என்றதும், இருபது வருடம் ஓட்டிய பலூச்சிக்காரர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உனக்குத் தரவேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேன். உண்மை. நீ மறைத்தது நல்லதாயிற்று.

என் விஷயம் உனக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை கண்ணில் இறங்கியிருக்கிறது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். வலது கண் பரவாயில்லை, ஆனால் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி என்னைத் துரத்தவில்லை, ஸ்டோரில் உட்கார வைத்தது. அங்கே நாள் முழுதும் போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்கிறேன். காலையில் வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்கும்போது மட்டும் வெளியே வருவதில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது, ஜிப்சி வாங்கு என்று ஏன் எழுதினேன் தெரியுமா? ஊருக்கு வந்து பகல் வெளிச்சத்தில், லேசான வண்டியாக இருந்தால், நானே ஓட்டிவிடலாம் என்று ஓர் ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் முடியாது என்று ஆகஸ்டில் டாக்டர் சொன்னார். அப்புறம்தான் ஜீப்பை வாங்கு என்று என்னால் நேர்மையாக எழுத முடிந்தது.

ஒரு சந்தேகம். டிராக்டர் தடத்தை விட்டு வலப்பக்கம் அவ்வளவு தூரம் ஏன் போனாய்? யார் சொல்லிக் கொடுத்தது? நான் எழுதிய எதிலும் அது இல்லை.

கணக்கு முடித்து 23ஆம் தேதி கிளம்புகிறேன். பம்பாய் வழியாக மறுநாள் மெட்ராஸ். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். வந்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

கோபால்


மண்ணூர்
14-12-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானம் வண்டி எடுக்க வேண்டும், அதற்குள் எழுதிப் போட்டுவிடுகிறேன். நீங்கள் கிளம்பும் முன் கிடைக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். அப்புறம் எழுந்து, பிள்ளைக்கு எந்தக் கட்டில் என்று இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வலப்பக்கம் எருமைகள் இறங்குகிற வழி அண்ணா. தினமும் அத்தனை எருமை நடந்து நடந்து அடிமண் இறுகியிருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. சாப்பாடு கொடுத்துவிட்டு ஆட்கள் தட்டு கழுவும்வரை சும்மா நிற்பேன் இல்லையா, அப்போது பார்த்தது. பலூச்சிக்காரருக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி நான் பெரிய ஆள் இல்லை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்று வண்டியில் உட்கார்ந்து தெரிவதில்லை. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறேன். பின்னால் இருக்கிறவர்கள் பயப்படக் கூடாதே என்றுதான்.

வந்து என்ன செய்வீர்கள் என்று எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். வாருங்கள்.

மீனம்பாக்கத்தில் டாக்ஸி எடுக்காதீர்கள். நான் வருவேன்.

செந்தாமரை


மண்ணூர்
30-12-1991

அன்புள்ள ஜோயலுக்கு,

கோபால் எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். பலூச்சிக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும் என் அன்பைச் சொல். ஒரகடத்தில் உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன், நன்றாக இருக்கிறார்கள்.

விமான நிலையத்தில் தங்கை வந்திருந்தாள். பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு அவள் ஓட்டுகிற பக்கம் ஏறினாள். மாப்பிள்ளை அம்மாவோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார், என்னை முன்னால் உட்கார வைத்தார். பூந்தமல்லி தாண்டும்வரை நான் வெறும் தரையில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே வந்தேன். அவள் பார்த்துவிட்டாள். 

மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தேன். மத்தியானம் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டால் முகாமில் செய்ததுபோலவே உள்ளே போய்விடுவேன். சனிக்கிழமை அம்மாதான், "இன்னாடா பொண்ணாட்டம் உள்ள பூந்துக்கினு? போய்ப் பாருடா உன் தங்கச்சிய!" என்று விரட்டினாள். போனேன்.

நீ எழுதியதில் பாதிதான் இருக்கிறது தம்பி. அவள் ஓட்டுவதை எழுத முடியாது. ஏரிக்கரையில் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அவள் உடம்பு தானாக மறுபக்கம் சாய்கிறது. ஒரு கல்லையும் அவள் மோதுவதில்லை, அதன்மேல் சக்கரத்தை எடுத்து வைக்கிறாள். நான் இருந்த கம்பெனியில் அவளை எடுக்க வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஓடைக்கு வந்தோம். முந்தின நாளும் மழை. தண்ணீர் பழுப்பாக, அடி தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எருமை வழிக்கு எதிரே நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மூச்சு விடுவது கேட்டது. அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி நிற்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்கிவிட்டேன்.

"இன்னாண்ணா பண்ற? டாக்டர் வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னாரே! ஏறுண்ணா!"

"நீ வண்டியில குந்து. நான் கைய காட்ற பக்கம் வா."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இந்தக் காரியத்துக்குக் கண் எதற்கு? கண் நன்றாக இருக்கிறவனுக்கும் அந்தப் பழுப்புத் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. காலால் தடவித் தடவி நடந்தேன். எருமை வழி கெட்டியாகத்தான் இருந்தது. பாதியில் கால் தொப்பென்று உள்ளே போயிற்று. இடுப்புவரை போய், பக்கத்துக் கோரையைப் பிடித்து ஏறினேன். இரவு வெள்ளம் அடியை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. முன் சக்கரம் அதில் விழுந்திருந்தால் அண்டாவும் ஆட்களும் தலைகுப்புறத்தான்.

இடது பக்கம் தடவினேன். மணல் கலந்த கெட்டித் தரை. அதில் நின்றுகொண்டு இடது கையை நீட்டினேன். திரும்பிப் பார்த்தால் எனக்கு ஜீப் ஒரு நீலத் திட்டாக மட்டும்தான் தெரிந்தது. அவள் தினமும் போகிற வழியை விடச் சொல்கிறேன், கண் தெரியாத ஆள் சொல்கிறேன். ஒரு கணம் தயங்குவாள் என்று நினைத்தேன். என்ஜின் சத்தம் மாறவே இல்லை தம்பி. ஸ்டீயரிங்கை ஒடித்து நேராக என் கையை நோக்கி வந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த சந்திரம்மாள்தான் "ஐயோ, அந்தப் பக்கம் வேணாம்!" என்று கத்தினார். நான் முன்னால் நடக்க நடக்க, நீலத் திட்டு என் பின்னாலேயே கரையேறியது.

மேட்டில் நிறுத்தி இறங்கி வந்தாள். என் காலில் வெட்டுக் காயம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தாள். இல்லை. "நாளைக்கு மாரிகிட்ட சொல்லி ரப்பர் பூட்ஸ் வாங்கியாரச் சொல்றேன்" என்றாள்.  பிறகு சோறு போடப் போய்விட்டாள். நான் பானெட்டில் சாய்ந்துகொண்டு நின்றேன். என்ஜின் சூடு முதுகில் ஏறியது. பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.

உன்னிடம் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. எழுதிக்கொண்டே இருக்கும்போது வாசலில் ஹாரன் அடிக்கிறாள். சோறு ஏற்றியாகிவிட்டது, பூட்ஸைப் போட வேண்டும். அவள் காத்திருக்க மாட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
கோபால்